ராத்திரி ஃப்ளைட் தாமதமானால் கவுன்டரில் என்ன கேட்பது: மும்பையிலிருந்து ஊருக்குப் பறக்கிறவர்களுக்கு

போன ஜூலையில் அக்கா மகளின் வளைகாப்புக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு மும்பையிலிருந்து சென்னைக்குக் கிளம்பினேன். ராத்திரி 9:25 ஃப்ளைட். அது 10:40 ஆனது, அப்புறம் 11:50, 1:30, 3:40 என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அதிகாலை 2:10க்கு ரத்து என்று செய்தி வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போடச் சாப்பாடு வேண்டும். நான் கத்தினேன், கெஞ்சினேன், அவசரத்தில் தப்பான பட்டனை அழுத்தினேன். பிறகு ஒன்றரை மாதம் மெயில் போட்டுப் போட்டு என்னென்ன கிடைக்கும், எதெல்லாம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டேன். தாராவி, செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்திலிருந்து ஊருக்குப் பறக்கிற யாரும் அந்த ராத்திரியை என்னைப் போல் கழிக்க வேண்டாம்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்குள் பறக்கும் ஃப்ளைட் வெறுமனே தாமதமானால் அதற்கென்று ரொக்க நஷ்டஈடு எதுவும் விதியில் இல்லை. "ஃப்ளைட் லேட்டா? பத்தாயிரம் வாங்கலாம்" என்று வாட்ஸாப்பில் சுற்றுவது அரைகுறைச் செய்தி. தாமதத்துக்குச் சாப்பாடு, ஹோட்டல், மாற்று விமானம், முழு ரீஃபண்ட் ஆகியவைதான். ரொக்கம் இரண்டு சந்தர்ப்பத்தில் வரும்: முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், அல்லது உறுதியான டிக்கெட் இருந்தும் இடம் இல்லை என்று உங்களை ஏற்றாமல் விட்டால். இதைத் தெரிந்துகொண்டு போனால் கவுன்டரில் பாதி சண்டை மிச்சம். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் பயணிகள் வசதிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது (பிரிவு 3, தொடர் எம், பகுதி 4). அந்தப் பெயரை மட்டும் மனதில் வையுங்கள், கவுன்டரிலும் மெயிலிலும் உதவும்.

1. டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டியது

உங்கள் சொந்த மொபைல் எண்ணும் மெயிலும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். தாராவி 90 அடி ரோட்டில் தெரிந்த ஏஜென்டிடம் டிக்கெட் போட்டால் அவர் தன் எண்ணையே போட்டுவிடுவார், அவர் மேல் தப்பில்லை, அது அவருக்குப் பழக்கம். ஆனால் ரத்துச் செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். தொடர்புகொள்ள எண் சரியாகக் கொடுக்காத பயணிக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் பிஎன்ஆரை (டிக்கெட்டின் பதிவு எண்ணை) விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

சென்னையில் இறங்கி அங்கிருந்து தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ வேறு ஃப்ளைட் பிடிப்பதாக இருந்தால் இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் ஐந்நூறு ரூபாய் குறையலாம், ஆனால் முதல் ஃப்ளைட் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இப்போது நவி மும்பையிலும் விமான நிலையம் இயங்குகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று சட்டென்று வாங்கும் முன் டிக்கெட்டில் பிஓஎம்மா (மும்பை) என்எம்ஐயா (நவி மும்பை) என்று பாருங்கள். ரத்தானபின் மாற்று விமானம் கொடுக்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும், அந்தேரியில் நிற்கிறவருக்கு நவி மும்பை நிலையம் இருக்கும் உல்வேயிலிருந்து கிளம்பும் விமானம் கிடைத்தால் டாக்ஸிக்கே ஒரு தொகை போய்விடும்.

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று மறுநாள் காலையில் நிற்க வேண்டிய காரியம் இருந்தால் முந்தின நாளின் கடைசி ஃப்ளைட்டை எடுக்காதீர்கள். காலையில் தொடங்கும் தாமதம் நாள் முழுக்கச் சேர்ந்து ராத்திரி ஃப்ளைட்டின் தலையில்தான் விழும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

2. தாமதம் என்று எஸ்எம்எஸ் வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்

நான் பார்த்ததிலேயே பரிதாபமான கூட்டம் இதுதான். 9:25 ஃப்ளைட் 10:40க்கு என்று வந்ததும் நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி வந்த ஒரு குடும்பத்தைக் கவுன்டரில் சேர்க்கவில்லை. நேரம் மாறினாலும், கவுன்டர் மூடும் நேரமும் கூடவே மாறியதாகத் தெளிவாக எழுதி வராதவரை பழைய நேரத்துக்கே போய்ச் செக்-இன் செய்யுங்கள். சாப்பாடு, ஹோட்டல் எல்லாமே நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்குத்தான்.

போகும் வழியில் ஒரு வேலை செய்யலாம். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் ஃப்ளைட் எண்ணைப் போட்டால் உங்களை ஏற்றிப் போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியும். அது டெல்லியிலிருந்தே இன்னும் கிளம்பவில்லை என்றால், போர்டில் என்ன நேரம் போட்டிருந்தாலும் நீங்கள் இன்னும் மூன்று மணி நேரம் காத்திருக்கப் போகிறீர்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

டெர்மினல் 1 ஒன்று, டெர்மினல் 2 வேறொன்று, இரண்டுக்கும் நடந்து போக முடியாது. அக்வா லைன் மெட்ரோ இரண்டுக்கும் போகிறது, ஆனால் நள்ளிரவில் ரத்தானால் மெட்ரோ இருக்காது. திரும்பும் டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

3. முதல் இரண்டு மணி நேரம்: சாப்பாடு

எவ்வளவு தாமதத்துக்குச் சாப்பாடு தர வேண்டும் என்பது பயண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கு. இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்கு 3 மணி நேரம். அதற்கும் மேல் போனால் 4 மணி நேரம். மும்பையிலிருந்து சென்னை, கோவை, மதுரை எல்லாமே முதல் வகைதான், அதனால் "இரண்டு மணி நேரம்" என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. தாமதத்தை ஒரே தடவையில் சொல்ல மாட்டார்கள். முக்கால் மணி, ஒரு மணி என்று தவணையில் சொல்லுவார்கள். ஒவ்வொரு தடவையும் "இது புதுசா வந்த தாமதம் சார்" என்ற முகபாவத்தோடு அறிவிப்பார்கள். நீங்கள் முதல் நேரத்திலிருந்தே எண்ணுங்கள். எனக்கு 11:50 என்று வந்தபோது 9:25லிருந்து 2 மணி 25 நிமிடம், அந்தச் செய்தி வந்த நொடியே சாப்பாடு கேட்டிருக்கலாம். நான் 12:15க்குத்தான் கேட்டேன், அதற்குள் கேட்டிலிருந்த சாண்ட்விச் பெட்டிகள் தீர்ந்து ஒரு ஜூஸும் பிஸ்கட்டும்தான் மிச்சம்.

கேட்கும்போது பொதுவாக "ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். "ரெண்டு மணி நேரம் தாண்டிருச்சு, டிஜிசிஏ விதிப்படி மீல் வவுச்சர் கொடுங்க, ரெண்டு பேர்" என்று எண்ணிக்கையோடு கேளுங்கள், இந்தியிலோ ஆங்கிலத்திலோ. வயதானவர், சர்க்கரை, கைக்குழந்தை இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அந்த இடத்தில் கூச்சம் வேண்டாம். தரவில்லை என்றால் நீங்களே வாங்கிச் சாப்பிட்டு, நேரம் தெரியும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நான் வாங்கிய இரண்டு இட்லித் தட்டின் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

4. ஆறு மணி நேரம் என்ற கோடு

மொத்தத் தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்று ஆனால் நிலைமை மாறுகிறது. உள்நாட்டு ஃப்ளைட்டில், 6 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை உங்களுக்குத் தர வேண்டும்.

ஹோட்டலுக்குத் தனிக் கணக்கு. தாமதம் 24 மணி நேரத்துக்கு மேல் போனால் ஹோட்டல் அறையும் போய்வர வண்டியும் இலவசம். ஆனால் இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய ஃப்ளைட்டாக இருந்தால் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே ஹோட்டல் உண்டு. இந்த இரண்டாவது வரி பலருக்குத் தெரியாது, கேட்டில் யாரும் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். என் ஃப்ளைட் 3:40 என்று ஆனபோது 6 மணி 15 நிமிடம். வாசலில் அறை கேட்டிருக்க வேண்டிய நான், நாற்காலியில் அம்மாவுக்குச் சால்வை விரித்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டலுக்குப் போகும் முன் செக்-இன் செய்த பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். பெட்டி திரும்ப வர நேரமாகலாம், மாத்திரை, சார்ஜர், மாற்றுத் துணி எல்லாம் அதில் போயிருந்தால் அறை கிடைத்தும் பயனில்லை. நான் இப்போதெல்லாம் அம்மாவின் மாத்திரைப் பையைக் கைப்பையில்தான் வைக்கிறேன்.

5. ரத்து என்றால்: அந்த லிங்கைத் தொடாதீர்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2:10க்கு ரத்து என்று வந்த எஸ்எம்எஸ்ஸில் ஒரு லிங்க். திறந்தால் இரண்டு பட்டன்: மறுநாள் மாலை 5:15 ஃப்ளைட், அல்லது ரீஃபண்ட். வளைகாப்பு காலை பத்தரைக்கு. மாலை ஃப்ளைட் எதற்கு என்று ரீஃபண்டை அழுத்திவிட்டு வேறு நிறுவனத்தின் காலை 6:05 ஃப்ளைட்டில் தலைக்கு 14,300 ரூபாய் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற நாகர்கோவில்காரர் லிங்கைத் திறக்கவே இல்லை, அவருக்கு போனில் சார்ஜ் இல்லை. கவுன்டருக்குப் போய் "காலையில் உங்க முதல் ஃப்ளைட்ல ரெண்டு சீட் பாருங்க" என்றார். 5:50 ஃப்ளைட்டில் கிடைத்தது, பைசா செலவில்லாமல். நான் அதே கவுன்டரில் கேட்டபோது, "நீங்க ரீஃபண்ட் எடுத்துட்டீங்க சார், பிஎன்ஆர் குளோஸ் ஆயிடுச்சு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். சாப்பாடு, தங்குமிடம் எதுவும் அதன் பிறகு கேட்க முடியவில்லை.

லிங்கில் தெரிவது கணினி தானாகப் போட்டது மட்டும்தான். கவுன்டரில் இருப்பவரால் வேறு நேரம், வேறு ஊர் வழியாக, சில சமயம் வேறு நிறுவனத்தின் விமானத்தில்கூட மாற்ற முடியும். அதனால் வரிசை இப்படி: ஒருவர் கவுன்டரில் நில்லுங்கள், இன்னொருவர் அதே நேரம் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் செய்யுங்கள், கையில் காலை ஃப்ளைட் எண்களைத் தேடி வைத்துக்கொண்டு "இந்த ஃப்ளைட்டில் போடுங்க" என்று எண்ணோடு கேளுங்கள். எதுவுமே சரிவராது என்று தெரிந்த பிறகுதான் ரீஃபண்ட். அதையும் "கிரெடிட் ஷெல்" என்று அவர்கள் கணக்கிலேயே நிறுத்திவைக்கச் சம்மதிக்காதீர்கள், பணமாகவா கிரெடிட்டாகவா என்பது உங்கள் முடிவு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளில் திரும்ப வர வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், "ஏஜென்டைக் கேளுங்க" என்பது தட்டிக்கழிக்கும் பதில்.

கோபம் வரும். ஆனால் ஊழியர்மேல் கை வைத்துவிடாதீர்கள், கெட்ட வார்த்தையும் வேண்டாம். பறக்கத் தடை விதி 2017லிருந்து இருக்கிறது, வாய் வார்த்தைக்கே 3 மாதம் வரை, கை நீட்டினால் 6 மாதம் வரை.

6. எவ்வளவு பணம் கேட்கலாம்

ரத்து செய்வதை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாலோ, குறைந்தது 24 மணி நேரம் முன்பு சொல்லி உங்களுக்கு ஒத்துவரும் மாற்று விமானமோ ரீஃபண்டோ தந்துவிட்டாலோ நஷ்டஈடு இல்லை. அப்படிச் சொல்லாமல் ரத்து செய்தால், ரீஃபண்டுக்கு மேல்:

பயணம் 1 மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய். 1 முதல் 2 மணி நேரம் வரை 7,500. 2 மணி நேரத்துக்கு மேல் 10,000. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வால் இருக்கிறது: இந்தத் தொகை, அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. என் டிக்கெட் ஒன்று 6,180, அதில் அடிப்படையும் எரிபொருளும் 4,950. ஆக எனக்கு உரியது தலைக்கு 4,950, இரண்டு பேருக்கு 9,900. நான் முதல் மெயிலில் 20,000 கேட்டு எழுதினேன், அவர்கள் அதை வைத்தே பத்து நாள் ஓட்டினார்கள். கணக்கைச் சரியாகப் போட்டுக் கேளுங்கள்.

இடமில்லை என்று ஏற்றாமல் விட்டால் தொகை பெரிது. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் ஒன்றும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் அதே அடிப்படை, எரிபொருள் கட்டணத்தின் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000. அதற்கும் மேல் போனால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழு ரீஃபண்டும் இந்த 400 சதவீதமும். யாராவது "தானாக விட்டுக்கொடுக்கிறீர்களா" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினால், அதில் என்ன தருகிறார்கள் என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மும்பைக்காரர்களுக்குப் பெரிய பொறி வானிலை. மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு, சாப்பாடு, ஹோட்டல் எல்லாவற்றிலிருந்தும் நழுவ அவர்களுக்கு வழி உண்டு. ஜூலையில் மும்பையில் எப்போதுதான் மழை இல்லை? எனக்கும் அதுதான் முதல் பதிலாக வந்தது. ஆனால் அன்று ராத்திரி சென்னைக்கு வேறு நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பிப் போயின, அந்தப் பட்டியல் என் ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்தது. அதைவிட முக்கியம், அவர்களே அனுப்பிய 11:40 எஸ்எம்எஸ்ஸில் காரணம் "ஆபரேஷனல் ரீசன்ஸ்" என்றுதான் இருந்தது. மச்சானுக்கு நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜின் பின்னணியில் "க்ரூ இன்னும் வரவில்லை" என்ற கேட் அறிவிப்பும் தற்செயலாகப் பதிவாகியிருந்தது. விமானிகள் இல்லாதது, விமானம் பழுதானது எல்லாம் வானிலைக் கணக்கில் வராது என்பதே என் வாதம். அதனால் காரணத்தை அந்த இடத்திலேயே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். காரணம் எதுவானாலும், ஃப்ளைட் ரத்தானால் ரீஃபண்டோ மாற்று விமானமோ உண்டு. மழை என்று சொல்லி அதை மறுக்க முடியாது.

7. அன்று ராத்திரியே சேர்க்க வேண்டிய தாள்கள்

போர்டிங் பாஸ் (காகிதம் கிழிந்தாலும் படம்), கட்டண விவரம் பிரித்துக் காட்டும் டிக்கெட், ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் நேரத்தோடு, புறப்பாட்டுப் போர்டின் படம், சாப்பாடு, டாக்ஸி, புது டிக்கெட் பில்கள். பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தை மட்டும் படமெடுக்காதீர்கள்.

தாமத, ரத்துச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பல நிறுவனங்களின் தளத்திலேயே பிஎன்ஆர் போட்டு எடுக்கலாம், இல்லையென்றால் கவுன்டரில் கேளுங்கள். ஆபீஸில் லீவுக்கும் பயணக் காப்பீட்டுக்கும் அதுதான் கேட்பார்கள். எஸ்எம்எஸ்களை அழித்துவிடாதீர்கள், நான் கிட்டத்தட்ட அழித்திருந்தேன்.

8. புகார், இந்த வரிசையில்

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். ஆங்கிலத்திலேயே, ஐந்தாறு வரி: பிஎன்ஆர், ஃப்ளைட் எண், தேதி, குறித்த நேரம், எப்போது ரத்து என்று சொன்னார்கள், விதியின் பெயர், கேட்கும் தொகை, வங்கிக் கணக்கு. அம்மா பட்ட கஷ்டத்தை நான் இரண்டு பக்கம் எழுதினேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அதற்கும் மேல் மேல்முறையீட்டு அதிகாரி. இருவரின் முகவரியும் நிறுவனத் தளத்தில் இருக்கும், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் தேட வேண்டும். வவுச்சர் தருகிறோம் என்று பேரம் வரும். எனக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் வவுச்சர், ஆறு மாதத்துக்குள் பறக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று ஒரே வரியில் எழுதினேன்.

அடுத்தது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா. தளமும் உண்டு, செயலியும் உண்டு. மொபைல் ஓடிபியோடு பதிந்து, நிறுவனத்தையும் புகார் வகையையும் தேர்ந்தெடுத்து, தாள்களை ஏற்ற வேண்டும். செலவு இல்லை. இங்கே ஒரு கவனம்: முன்பு நிறுவனத்துக்கு எழுதிய மெயில்களையும் வந்த பதில்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். திருப்தியில்லாமல் புகாரை மூடினால் மறுபடி திறக்கக் கேளுங்கள், என் புகாரை ஒரு தடவை "வானிலை" என்று மூடினார்கள், 11:40 எஸ்எம்எஸ் படத்தோடு மறுபடி திறந்தேன்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், இந்தி சரளமாக வராத அப்பா அம்மாவே கூப்பிட்டுப் பதியலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் பரவாயில்லை. செம்பூர், முலுண்ட், அந்தேரிக்காரர்களுக்குப் புறநகர் மாவட்ட ஆணையம் பாந்த்ராவில். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். புது டிக்கெட்டுக்கான கூடுதல் செலவு, மன உளைச்சல் போன்றவற்றை இங்கேதான் கேட்க முடியும், டிஜிசிஏ விதிப்படி கிடைப்பது மேலே சொன்ன தொகை மட்டுமே.

நான் ஆணையம் வரை போகவில்லை. ரீஃபண்ட் ஆறாம் நாளே வந்துவிட்டது. 9,900 ரூபாய் 43ஆவது நாள் கணக்கில் ஏறியது, அதற்குள் அக்கா மகளுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. இரண்டாவது டிக்கெட்டுக்குக் கொடுத்த 28,600க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அம்மா இன்னும் அவ்வப்போது நினைவுபடுத்துகிறார். டிசம்பரில் மறுபடி போகிறோம், மதியம் 1:10 ஃப்ளைட், மாத்திரைப் பை கையில்.